பல் மருத்துவத் தணிப்பு மயக்கத்திற்கான தகுதி மதிப்பீடு

பல் மருத்துவத் தணிப்பு மயக்கம் என்பது பல் சிகிச்சையின்போது நோயாளியின் அச்சத்தையும் பதற்றத்தையும் குறைப்பதற்காக மருந்து கொடுத்து, அவரை அமைதியான அல்லது அரைத்தூக்க நிலைக்குக் கொண்டு செல்லும் முறையாகும். பேச்சு வழக்கில் இது அரை மயக்கம் எனப்படுகிறது. இம்மருந்துகளிற் பெரும்பாலானவை வலியை முழுமையாக நீக்குவதில்லை. ஆகவே பல்லைச் சுற்றிய பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் உடன் போடப்படுகிறது.

எல்லா நோயாளிகளுக்கும் இம்முறை பொருந்துவதில்லை. ஒருவருக்குத் தணிப்பு மயக்கம் தேவையா, கொடுத்தால் அவர் உடல் தாங்குமா, எந்த முறை, எந்த இடத்தில் என்பனவற்றை முன்கூட்டியே ஆராய்ந்து முடிவு செய்தல் தகுதி மதிப்பீடு ஆகும். பல் சிகிச்சை உயிருக்கு ஆபத்தில்லாத எளிய சிகிச்சை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் தணிப்பு மருந்து மூச்சைக் குறைக்க வல்லது. சிகிச்சை நடைபெறும் வாயே மூச்சுப்பாதையின் வாயிலாகவும் உள்ளது. இவ்விரு காரணங்களால் இம்மதிப்பீடு இன்றியமையாததாகிறது.

வரலாறு

மயக்க மருந்தின் வரலாறு பல் மருத்துவத்தோடு பின்னிப் பிணைந்தது. நைட்ரசு ஆக்சைடு என்னும் சிரிப்பூட்டும் வாயுவை 1772 இல் சோசப்பு பிரீசிட்லி கண்டறிந்தார். அது வலியைத் தணிக்கக்கூடும் என 1800 இல் அம்பிரி டேவி எழுதினார். 1844 திசம்பரில் அமெரிக்காவின் ஆர்ட்பர்டு நகரப் பல் மருத்துவர் ஒராசு வெல்சு, அவ்வாயுவை உட்கொண்டு தம் பல்லையே மற்றொரு மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபர் 16 அன்று பாசுடன் நகரில் ஈதர் மயக்கத்தைப் பொதுவில் செய்து காட்டிய வில்லியம் மார்ட்டனும் ஒரு பல் மருத்துவரே.

இருபதாம் நூற்றாண்டில் பல் மருத்துவர்கள் தம் சொந்த மருத்துவ நிலையங்களிலேயே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவில் பரவியிருந்தது. உயிரிழப்புகள் நேர்ந்ததையடுத்து 1990 இல் போசுவில்லோ அறிக்கை கடுமையான பரிந்துரைகளை அளித்தது. 2001 ஆம் ஆண்டின் இறுதியுடன், மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுப்பது அங்கு நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2015 இல் பல் சிகிச்சையின்போது ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த நிகழ்வு, குழந்தைகளுக்கான மயக்கம் பற்றிய சட்டங்கள் அம்மாநிலத்தில் 2016 இலும் 2018 இலும் இயற்றப்படக் காரணமாயிற்று. சிகிச்சை செய்பவரைத் தவிர, குழந்தையைக் கண்காணிப்பதை மட்டுமே பணியாகக் கொண்ட ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதே அவ்விவாதங்களின் மையக் கருத்தாக இருந்தது.

மயக்கத்தின் படிநிலைகள்

தணிப்பு மயக்கம் தொடர்ச்சியான ஒரு நிலைமாற்றமாகும். வசதி கருதி அது நான்கு படிகளாகப் பகுக்கப்படுகிறது.

1. குறைந்த தணிப்பு: நோயாளி விழித்திருப்பார்; கேள்விக்கு இயல்பாக விடை சொல்வார்.
2. மிதமான தணிப்பு: அரைத்தூக்கத்தில் இருப்பார், கூப்பிட்டாலோ மெல்லத் தொட்டாலோ பொருத்தமாக எதிர்வினை காட்டுவார். மூச்சு தானாகவே சீராக நடைபெறும்.
3. ஆழ்ந்த தணிப்பு: எளிதில் எழுப்ப இயலாது, திரும்பத் திரும்பத் தூண்டினாலோ வலி ஏற்படுத்தினாலோ மட்டுமே எதிர்வினை காட்டுவார். மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க உதவி தேவைப்படலாம்.
4. முழு மயக்கம்: வலிக்கும் எதிர்வினை இராது, மூச்சுக்கு உதவி பெரும்பாலும் தேவைப்படும்.

ஒரே அளவு மருந்து ஒருவரை முதற்படியிலும் மற்றொருவரை மூன்றாம் படியிலும் கொண்டு நிறுத்தக்கூடும். எனவே ஒரு படிக்குத் தணிப்பு கொடுப்பவர், நோயாளி அடுத்த படிக்கு வழுக்கிவிட்டால் அவரை மீட்கும் பயிற்சியும் கருவிகளும் உடையவராக இருத்தல் வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட நெறியாகும்.

தேவையை அறிதல்

மதிப்பீட்டின் முதற்கேள்வி தணிப்பு மயக்கம் தேவையா என்பதாகும். கனிவான பேச்சு, சிகிச்சையை முன்கூட்டி விளக்குதல், சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்தல், நன்றாக மரத்துப்போகச் செய்தல் ஆகியவற்றாலேயே பெரும்பாலானோரின் அச்சம் அடங்கிவிடும். இவை போதாத நிலையிலேயே தணிப்பு மயக்கம் எண்ணிப் பார்க்கப்படுகிறது.

அச்சத்தை அளக்க வினாநிரல்கள் உள்ளன. கோரா என்பவர் 1969 இல் நான்கு வினாக்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அதன் திருத்திய வடிவம் 1995 இல் வந்தது. இதில் ஐந்து வினாக்கள் உள்ளன. மதிப்பெண் 5 முதல் 25 வரை அமையும். 19 அல்லது அதற்கு மேற்பட்டால் மிகக் கடுமையான அச்சம் எனக் கொள்ளப்படும். இவ்வினாநிரலின் தமிழ் வடிவம் பற்றிய ஆய்வு 2012 இல் வெளியாகியுள்ளது. குழந்தைகளின் ஒத்துழைப்பை அளக்க 1962 இல் வெளியான பிராங்கல் அளவுகோலின் நான்கு நிலைகள் பயன்படுகின்றன.

பொதுவாகப் பின்வரும் நிலைகளில் தணிப்பு மயக்கம் பரிந்துரைக்கப்படலாம்:

* பல் சிகிச்சை குறித்த மிகக் கடுமையான அச்சம்
* கருவி வாய்க்குள் சென்றவுடன் தாங்க முடியாத குமட்டல்
* எலும்பில் புதைந்த கடைசிக் கடைவாய்ப்பல்லை அகற்றுதல் போன்ற நீண்ட அறுவைச் சிகிச்சை
* அசையாமல் இருக்க இயலாத நடுக்கம், பெருமூளை வாதம்
* அறிவுத்திறன் குறைபாடு, மதியிறுக்கம் போன்ற காரணங்களால் ஒத்துழைக்க இயலாமை
* பல பற்கள் சொத்தையாகிச் சிகிச்சை தேவைப்படும் சிறு குழந்தைகள்

உடல்நிலை மதிப்பீடு

அமெரிக்க மயக்கவியல் வல்லுநர் கழகத்தின் உடல்நிலைப் பகுப்பு உலகெங்கும் பயன்படுகிறது. இதன் தொடக்க வடிவம் 1941 இல் வெளியானது.

* நிலை 1: நோய் ஏதுமற்ற, புகைப்பழக்கமில்லாத நலமுடையவர்.
* நிலை 2: மிதமான நோயுடையவர். கட்டுப்பாட்டிலுள்ள நீரிழிவும் குருதி அழுத்தமும், புகைப்பழக்கம், கருவுற்ற நிலை ஆகியன இதிலடங்கும்.
* நிலை 3: கடுமையான நோயுடையவர். கட்டுப்பாடற்ற நீரிழிவு, முறையாகக் குருதிச் சுத்திகரிப்புப் பெறும் சிறுநீரக நோய், மூன்று மாதங்களுக்கு முன் வந்த மாரடைப்பு ஆகியன எடுத்துக்காட்டுகள்.
* நிலை 4: உயிருக்கு இடையறாத அச்சுறுத்தலான நோயுடையவர். மூன்று மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் இதிலடங்குவார்.
* நிலை 5, 6: உயிருக்குப் போராடுபவரும், உறுப்புக்கொடைக்குரிய மூளைச்சாவு அடைந்தவரும்.

நிலை 1, 2 நோயாளிகளுக்கு உரிய வசதியுள்ள பல் மருத்துவ நிலையத்தில் தணிப்பு மயக்கம் கொடுக்கலாம். நிலை 3 நோயாளிகளுக்கு அவர்களுடைய மருத்துவரையும் மயக்கவியல் மருத்துவரையும் கலந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனையே பெரும்பாலும் பாதுகாப்பானது. நிலை 4 நோயாளிகளுக்கு அவசரமற்ற பல் சிகிச்சை தள்ளி வைக்கப்படும். சிகிச்சை நாளன்று குருதி அழுத்தம் 180/110 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைய சிகிச்சையை ஒத்திவைப்பது வழக்கம்.

மூச்சுப்பாதை மதிப்பீடு

தணிப்பு மயக்கத்தில் நேரும் கடும் விபத்துகளிற் பெரும்பாலானவை மூச்சுத் தடையில் தொடங்குகின்றன. எனவே வாய், தாடை, கழுத்து ஆகியன தனியே சோதிக்கப்படுகின்றன. வாயைத் திறந்து நாக்கை நீட்டும்போது உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு மல்லம்பட்டி பகுப்பு அமைகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் பிறந்த மயக்கவியல் மருத்துவர் சேசகிரி மல்லம்பட்டி 1985 இல் இதனை வெளியிட்டார்.

மேல், கீழ் முன்பற்களுக்கிடையே நோயாளியின் மூன்று விரல்களை நுழைக்க இயலுகிறதா என்பது எளிய சோதனையாகும். வெற்றிலை பாக்கு, புகையிலை, பாக்குத்தூள் பொட்டலங்கள் ஆகியவற்றை நெடுங்காலம் மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பு குறையும் நோய் உண்டாகிறது. பாக்கே இதன் முதன்மைக் காரணி. இத்தகையோருக்கு நெருக்கடியில் மூச்சுக்குழாய் செலுத்துவது கடினம். ஆகவே மெல்லும் பழக்கம் பற்றிய கேள்வி தமிழ்நாட்டில் தவறாது கேட்கப்பட வேண்டியதாகும்.

பெருங்குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதலும் மற்றொரு எச்சரிக்கை. கனடாவில் 2008 இல் உருவாக்கப்பட்ட சோதனை வினாநிரல் எட்டுச் செய்திகளைக் கேட்கிறது: குறட்டை, பகற்களைப்பு, உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டமை, உயர் குருதி அழுத்தம், உடல் நிறைச் சுட்டெண் 35 ஐத் தாண்டுதல், வயது 50 ஐத் தாண்டுதல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ. ஐத் தாண்டுதல், ஆண்பால். மூன்றோ அதற்கு மேலோ 'ஆம்' என வந்தால் கூடுதல் கவனம் தேவை. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் இடர் மிகுதி.

முறைகளும் விலக்குகளும்

நைட்ரசு ஆக்சைடு: மூக்குக் கவசம் வழியே ஆக்சிசனுடன் கலந்து கொடுக்கப்படுகிறது. முதலில் தூய ஆக்சிசனைக் கொடுத்து, வாயுவின் பங்கைப் படிப்படியாக உயர்த்துவர். 50% ஐத் தாண்டுவது அரிது. பல் மருத்துவத்திற்கான கருவிகள் ஆக்சிசன் 30% க்குக் குறையாதவாறு அமைக்கப்பட்டுள்ளன. இறுதியில் ஐந்து நிமிடமேனும் தூய ஆக்சிசன் கொடுக்கப்படும். விரைவில் தெளியும் முறை இதுவே. மூக்கடைப்பு, கருவுற்ற முதல் மூன்று மாதங்கள், உயிர்ச்சத்து பி12 குறைபாடு, கடும் நாட்பட்ட நுரையீரல் நோய், அண்மையில் நடுக்காது அறுவை, கண்ணுள் வாயு செலுத்திய விழித்திரை அறுவை ஆகியன உள்ளவர்களுக்கு இது தவிர்க்கப்படுகிறது. மூக்கால் மூச்சுவிட மறுக்கும் குழந்தைக்கு இது பயன்படாது.

வாய்வழி மருந்து: மிடசோலம் போன்ற மருந்துகள் மாத்திரையாகவோ பாகாகவோ கொடுக்கப்படுகின்றன. விழுங்கிய பின் அளவைத் திருத்த இயலாமை இதன் குறையாகும். தணிவு போதவில்லை என்று உடனே இரண்டாம் முறை கொடுப்பது ஆபத்தானது.

நரம்புவழி மருந்து: சிறிது சிறிதாகக் கொடுத்து விளைவைப் பார்த்து நிறுத்தலாம். மிடசோலத்திற்குப் புளூமசெனில் என்னும் மாற்று மருந்து உண்டு. புரோப்போபாலுக்கு மாற்று மருந்து இல்லை. அது மயக்கவியல் மருத்துவரின் கையில் மட்டுமே இருக்கத்தக்கது.

தசைக்களைப்பு நோய், கடும் குறுங்கோணக் கண்ணழுத்த நோய், முற்றிய ஈரல் நோய் ஆகியன உள்ளவர்களுக்கு மிடசோலம் தவிர்க்கப்படும் அல்லது மிகுந்த எச்சரிக்கையுடன் கொடுக்கப்படும்.

உட்கொள்ளும் மருந்துகள்

நோயாளி வழக்கமாக உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவர் அறிய வேண்டும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், புளூக்கோனசோல், டில்டியாசெம், வெரபாமில் ஆகியன மிடசோலத்தின் விளைவை மிகுவிக்கும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிட்டாயின், கார்பமசெப்பின் ஆகியன அதனைக் குறைத்துவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சுத் தளர்ச்சியைப் பெருக்கும். சித்த மருந்து, கடையில் கேட்டு வாங்கும் மருந்து ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். நோயாளி பெயர் அறியாவிடில் மருந்துச் சீட்டையோ மாத்திரை அட்டையையோ கொண்டு வரச் சொல்வதே உகந்தது.

உணவு நிறுத்தம்

மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்தாகும். எனவே மிதமான அல்லது ஆழ்ந்த தணிப்புக்கு முன் தெளிந்த நீர்மம் 2 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், பிற பாலும் இலேசான உணவும் 6 மணி நேரமும், எண்ணெயும் இறைச்சியும் மிக்க உணவு 8 மணி நேரமும் முன்னதாக நிறுத்தப்படுகின்றன.

தெளிந்த நீர்மம் எது என்பதில் குழப்பம் ஏற்படுவதுண்டு. தண்ணீர், இளநீர், பால் கலவாத கடுந்தேநீர் ஆகியன தெளிந்தவை. பால் கலந்த தேநீர், மோர், கஞ்சி, சோறு கரைந்த நீராகாரம் ஆகியன தெளிந்தவை அல்ல. காலையில் 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று கூறும் நோயாளியிடம் தேநீர் குடித்தீர்களா என்று தனியே கேட்பது நன்று. நீரிழிவு நோயாளிகள் வெறும் வயிற்றில் வழக்கமான இன்சுலினையோ மாத்திரையையோ எடுத்தால் குருதிச் சர்க்கரை அபாயகரமாகத் தாழலாம். அன்றைய அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சிகிச்சையும் காலை முதல் நேரத்திலேயே அமைதல் நல்லது.

குழந்தைகள்

குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகியது. நாக்கும் தொண்டைச் சதையும் ஒப்பளவில் பெரியவை. ஆக்சிசன் இருப்பும் குறைவு. ஆகவே மூச்சுத் தடைபட்டால் மிக விரைவில் நிறம் மாறிவிடும். சளி, காய்ச்சல், இருமல் உள்ள குழந்தைக்கு அவசரமற்ற சிகிச்சை தள்ளி வைக்கப்படும். வீங்கிய தொண்டைச் சதையும் குறட்டையும் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

மரத்துப்போகும் ஊசியின் அளவும் எடையைப் பொறுத்தது. லிடோகெயினுக்கு அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் பரிந்துரைக்கும் உச்ச அளவு எடையின் ஒரு கிலோகிராமுக்கு 4.4 மி.கி. ஆகும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 66 மி.கி.; அதாவது 2% மருந்தில் 3.3 மி.லி. மட்டுமே. தணிப்பு மருந்தும் சேரும்போது நச்சு விளைவின் இடர் கூடுவதால் எடையை அன்றே நிறுத்துப் பார்த்தல் கட்டாயமாகும்.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலாகவோ பலமுறையோ மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என 2016 திசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. ஒரே முறை குறுகிய நேரம் கொடுப்பதற்கு இவ்வெச்சரிக்கை பொருந்தாது. மறுபுறம், சிகிச்சையைக் காலவரையின்றித் தள்ளிப்போட்டால் சொத்தையிலிருந்து சீழ் முகத்திற்கும் கழுத்திற்கும் பரவும் இடர் உண்டு. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே மதிப்பீட்டின் சாரம் எனலாம்.

ஒப்புதல்

தணிப்பு மயக்கத்திலுள்ளவரால் புதிய சிகிச்சைக்கு ஒப்புதல் தர இயலாது. எனவே என்ன சிகிச்சை, எத்தனை பற்கள், மாற்று வழிகள் யாவை, இடர்கள் யாவை என்பனவற்றை நோயாளி அறிந்த மொழியில் முன்பே விளக்கி எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். 2008 சனவரி 16 அன்று சமிரா கோலி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், நோயறியும் சோதனைக்குப் பெற்ற ஒப்புதலைக் கொண்டு மயக்கத்திலிருக்கும்போது வேறு அறுவை செய்தல் கூடாது என்றும், உயிரைக் காக்கும் அவசரத்திற்கு மட்டுமே விலக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஒரு பல்லைப் பிடுங்க ஒப்பியவருக்கு, மயங்கியிருக்கும் வேளையில் மூன்று பற்களைப் பிடுங்குவது இந்நெறிக்கு முரணானது.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16,18,345. புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017 இலும், அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023 இலும் தொடங்கப்பட்டன. அதற்கு முன் பல் மருத்துவக் கல்லூரி நிலைச் சிகிச்சைக்கு மாவட்டத்திற்கு வெளியே செல்ல வேண்டியிருந்தது.

மாவட்டத்தின் மேற்கே விராலிமலையும் பொன்னமராவதியும், தென்கிழக்கே கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகியனவும் தலைநகரிலிருந்து விலகி அமைந்துள்ளன. இத்தொலைவு தகுதி மதிப்பீட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. வீடு திரும்பும் வழியிலோ இரவிலோ மூச்சுத் திணறல் வந்தால் மருத்துவமனையை அடைய எவ்வளவு நேரமாகும் என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 அவசர ஊர்தி இயங்குகிறது. எனினும் மூச்சு நின்றால் மீட்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. ஆதலால் ஆக்சிசன், மூச்சுப்பை, உறிஞ்சு கருவி, துடிப்பு ஆக்சிசன்மானி, மாற்று மருந்துகள், உயிர்காப்புப் பயிற்சி பெற்ற பணியாளர் ஆகிய யாவும் சிகிச்சை நடைபெறும் அறையிலேயே இருத்தல் வேண்டும். இவை இல்லாத இடத்தில், முற்றிலும் நலமுள்ள நோயாளியும் தணிப்பு மயக்கத்திற்குத் தகுதியற்றவரே ஆவார்.

எடுத்துக்காட்டுகள்

பின்வருவன கற்பனை நேர்வுகள்.

* ஊசியைக் கண்டாலே நடுங்கும் 28 வயது நலமுள்ள பெண். ஒரு பல்லுக்கு வேர்ச்சிகிச்சை தேவை. கருவுறவில்லை என உறுதியானபின் நைட்ரசு ஆக்சைடு போதுமானது.
* நான்கு வயதுச் சிறுவன், எட்டுச் சொத்தைப் பற்கள், இரவில் குறட்டை. பல் மருத்துவ நிலையத்தில் வாய்வழி மருந்து கொடுப்பது பொருந்தாது. மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் மூச்சுக்குழாய் செலுத்தி, ஒரே அமர்வில் முடிப்பது பாதுகாப்பானது.
* 62 வயது ஆண், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லை, பாக்கு மெல்பவர், வாய் இரு விரலளவே திறக்கிறது. ஆடும் ஒரு பல்லை எடுக்க மரத்துப்போகும் ஊசி மட்டுமே போதும். தணிப்பு மயக்கம் தேவையுமில்லை, உகந்ததுமில்லை.

வீடு திரும்புதல்

நோயாளி முழுதும் தெளிந்து, துணையின்றி நடந்து, தெளிவாகப் பேசி, குருதி அழுத்தமும் ஆக்சிசன் அளவும் முன்போலிருந்தால் மட்டுமே அனுப்பப்படுவார். வாய்வழியாகவோ நரம்புவழியாகவோ மருந்து பெற்றவருடன் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் செல்ல வேண்டும்; துணைக்கு ஆள் இல்லையெனில் சிகிச்சையை அன்று தொடங்குதல் கூடாது. 24 மணி நேரத்திற்கு வண்டி ஓட்டுதல், இயந்திரம் இயக்குதல், ஆவணத்தில் கையெழுத்திடுதல், மது அருந்துதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இரு சக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து செல்வதும் உகந்ததன்று. குழந்தை வழியில் உறங்கினால் தலை முன்புறம் கவிழ்ந்து மூச்சுப்பாதை அடைபடாமல், தாடையைச் சற்றே உயர்த்திப் பார்த்துக்கொள்ள ஓட்டுநரைத் தவிர மற்றொருவர் அருகிலிருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மயக்கவியல்
* நைட்ரசு ஆக்சைடு
* பல் சொத்தை
* புதுக்கோட்டை மாவட்டம்